அம்பாசிடருக்கு மூக்கு இறக்கணும்

— மூக்க எறக்கணுமா? இன்னா பாய் நீ, இந்த வயசுல அம்பாசிடருக்கு ஸ்டைலு கேக்குதா?

— கேளேன் சொல்றத. முன்பக்கம் மட்டும் தாழ்வா நிக்கணும். பின்பக்கம் இருக்கற மாதிரியே இருக்கட்டும். உன்னால முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு சிவா.

— முடியாம இன்னா. போட் இஞ்சினையே பிரிச்சி மாட்டறவன் நானு. ஆனா காரணம்னு ஒண்ணு வேணுமே. கோட்டைக்குப்பத்துல எவனாவது கேட்டா நான் இன்னா சொல்றது? இனாயத்துல்லா பாய் திரும்பவும் மாப்ள ஆவப்போறாரு, அதான் வண்டிய ரெடி பண்றோம்னா?

— என் புள்ள அஃப்னான் போன்ல ஒண்ணு காட்டினான்டா. எங்கயோ பழைய கார் கண்காட்சியாம். அத்தன வண்டியும் ஸஜ்தா செய்யற மாதிரி மூக்க தரையில வச்சு நிக்குது. பார்க்க அவ்ளோ அழகா இருந்துச்சு.

— அது காசு உள்ளவன் வெளையாட்டு பாய். பாரின்லேர்ந்து சாமான் வரவழைப்பான்.

— எனக்கு செலவே ஆகக்கூடாது. புதுசா ஒரு ஸ்பேர் வாங்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு ரசீது வரக்கூடாது.

— உன் நல்ல நேரம், உன்னுது அம்பாசிடரா போச்சு. ஃபியட்டா இருந்தா ஸ்பிரிங்க அறுக்கணும். அறுத்தா அறுத்ததுதான், திரும்ப ஒட்டாது. இதுக்கு முன்பக்கம் ஸ்பிரிங்கே கெடையாது. அடியில நீட்டா ரெண்டு கம்பி போவுது பாரு, டார்சன் பார்னு. ஈரத்துணிய முறுக்கற மாதிரி அத்த முறுக்கி மாட்டி வெச்சிகீறான். அந்த முறுக்குதான் மூக்க தூக்கிக்கினு நிக்குது. பின்னாடி லிவர கழட்டி, ரெண்டு பல்லு தள்ளி மாட்டுனா முறுக்கு தளர்ந்துடும். மூக்கு தானா குந்திக்கும்.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான். ஜாக்கி, ஸ்பானரு, கொஞ்சம் கிரீஸு. டீ குடிக்கற செலவு.

— அப்ப செய்.

— யாரு, பாயா? வா பாய். நான் இன்னாடா ரெண்டு ஆம்பளைங்க மூக்கு மூக்குன்னு பேசிக்கினு கீறாங்களேன்னு எட்டிப் பாத்தேன்.

— லோகாம்பா! நல்லா இருக்கியாம்மா?

— நல்லா கீறேன் பாய். சுண்ணாம்புக்கொளத்துல அக்கா பொண்ணுக்குப் பிரசவம், பொட்டப்புள்ள. கூட இருந்து பாத்துட்டு இன்னிக்கி காத்தாலதான் பஸ் புடிச்சி வந்தேன். வந்து பாத்தா என் வீடு கருவாட்டுச் சந்தையா கெடக்குது. இந்தாளு நான் போனதுலேர்ந்து ஒரு குண்டான் கழுவல.

— மாஷா அல்லா. தாயும் புள்ளையும் நல்லபடியா இருக்கட்டும்.

— லோகா, பாய்க்கு டீ போடு. சக்கர போடாத.

— அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ மொதல்ல கைய கழுவு.

— சரி பாய், இப்ப சொல்லு. ஸ்டைலுக்கா?

— ஸ்டைலுக்கில்ல. லைட்டு, அதான். எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குதாம்.

— லைட்ட எறக்க ஒரு ஸ்க்ரூ போதும். அதுக்கு மூக்க ஏன் எறக்கற?

— முதுகு வலிடா. சீட்டு சாஞ்சாப்புல இருக்கு. மூக்கு எறங்கினா நிமிர்ந்து உக்காரலாம்.

— மூக்கு எறங்குனா நீ முன்னால வழுக்குவ. ஸ்டேரிங்க கட்டிக்கினுதான் ஓட்டணும். பாய், பொய் சொல்றதுக்கும் ஒரு பழக்கம் வேணும், உனக்கு அது கெடையாது. சரி உடு. நாளைக்கி வண்டிய இங்க கொண்டா.

— இங்க வேணாம். நீ வீட்டுக்கு வா. அஃப்னான் மீஞ்சூர் ஷிப்டுக்குப் போனதுக்கப்புறம் வா. முத்தத்துல வச்சே செஞ்சுடு.

— முத்தத்துலயா? மண்ணுல மல்லாந்து படுத்துக்கினா? அது கூட பரவால்ல பாய். உன் கேட்டு வாசல்ல கீற மேட்ட மறந்துட்டியா?

— மறக்கல.

— இல்ல, நான் அப்டி சொல்ல வரல. அந்தப் பெருமழையில ஏரித்தண்ணி வீட்டுக்குள்ள பூந்துச்சே, அப்புறம் நீயே கொத்தனார கூட்டாந்து எரும முதுகு மாதிரி சிமெண்ட்டு மேடு போட்ட. ஊரே போட்டுச்சு. இப்பவே உன் வண்டி அதுல ஏறி எறங்கசொல்லோ வயித்த ஒரசிக்கினுதான் வர்து. மூக்க எறக்கிட்டா முன்சட்டம் போயி மேட்டுல குந்திக்கும். அப்புறம் எகிறி குதிச்சாலும் வண்டி கேட்ட தாண்டாது. ரிவர்ஸ்ல முத்தத்துக்குத்தான் வரணும்.

— ஆமா.

— இன்னா ஆமா?

— அதான் வேணும் எனக்கு. வண்டி கேட்ட தாண்டக் கூடாது.

— டீ எடுத்துக்க பாய். சூடா கீது, பாத்து.

— வைம்மா, வை.

— பாய், இங்க பாரு. எங்கிட்ட கண்காட்சி, லைட்டு, முதுகுன்னு கத வேணாம். இன்னா ஆச்சு?

— லோகாம்பா இருக்கு.

— நான் வேணும்னா உள்ள போறேன் பாய். எறால் வேற உரிக்காம கெடக்குது.

— இல்லம்மா, நீயும் இரு. நீயும் கேட்டுக்க. ஒருத்தர் மறந்தா இன்னொருத்தருக்காவது ஞாபகம் இருக்கட்டும்.

— சொல்லு பாய்.

— நேத்து விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு பள்ளிய விட்டு வெளிய வந்தேன். செருப்பு மாட்டினது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது தண்ணிதான். காருக்குள்ள, பெடல்ல வச்ச என் கால் நனையுது.

— எங்க?

— படகுத்துறையில. சரிவுல எறங்கி ஏரிக்குள்ளயே போயிருக்கேன். எறால் ஏவாரம் பண்ண காலத்துல தெனமும் அப்படித்தானேடா? டிக்கியில ஐஸ் பெட்டி. சரிவுல எறக்கி தண்ணியோரம் நிறுத்தினா, படகுலேர்ந்து கூடை நேரா டிக்கிக்கு மாறும். அப்ப கரை இன்னும் உள்ள தள்ளி இருந்துச்சு. இப்ப அதெல்லாம் தண்ணி. என் கைகாலுக்கு அது தெரியல. பழைய கரை எங்கயோ, அங்க போய் நிறுத்தலாம்னு போயிருக்கு.

— சரி உடு. சக்கரம் நனைஞ்சிது, அவ்ளோதானே. உப்புத்தண்ணிய கழுவி உட்டா போச்சு.

— கேளேன் சொல்றத! பானெட்டுக்கு முன்னாடி தண்ணியில ஒரு தலை தெரிஞ்சுது.

— அடி ஆத்தாடி.

— அம்மணிம்மா. நம்ம அம்மணி. தண்ணியில உக்காந்து கையால எறால் தடவிக்கிட்டிருந்தா. கழுத்து வரைக்கும் தண்ணி. புடிச்ச எறால போடற ஓலப்பறிய வாயில கடிச்சுக்கிட்டிருந்தா. அவளுக்குப் பின்னால இன்னும் தலைங்க. வாயில பறி இருக்கு, அவளால கத்த முடியல. எந்திரிச்சு ஓடவும் சேறு விடல. கைய ஓங்கி பானெட்டுல அறைஞ்சா. அந்தச் சத்தத்துலதான் எனக்கு பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதே நெனப்பு வந்துச்சு.

— நேத்தா பாய்? காத்தால பஸ் ஸ்டாண்டுல அம்மணிய பாத்தேனே. ஊருக்கே தண்டோரா போடறவ, எங்கிட்ட ஒண்ணியும் சொல்லலியே.

— லோகா, நீ கம்முனு இரு. பாய் சொல்லட்டும்.

— அவ நல்லவம்மா. பறிய வாயிலேர்ந்து எடுத்துட்டு சிரிச்சா. இன்னா பாய், கார்லயே எறால் புடிக்க வந்துட்டியான்னு கேட்டா. நானும் சிரிச்சிருக்கணும். நான் அவகிட்ட, ராவுத்தர் படகு வந்துடுச்சான்னு கேட்டேன்.

— எந்த ராவுத்தரு?

— அதான். அவர் மவுத்தாகி எத்தன வருஷம் ஆச்சு. அவர கபர்ல எறக்கினதுல நானும் ஒரு ஆளு. அதுக்கப்புறம் அம்மணி சிரிக்கல. என் முகத்தையே பாத்துக்கிட்டு தண்ணியில நின்னா. வண்டிய பின்னால எடு பாய், மெதுவா எடுன்னு, சின்னப் புள்ளைக்கு சொல்ற மாதிரி சொன்னா. சிவா, எனக்கு அதுலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கலடா. அவ கை ஓங்கறதுக்குள்ள நான் இன்னும் ஒரு அடி போயிருந்தா?

— போவலியே பாய். அத்தையே நெனச்சிக்கினு இருக்காத.

— போவலன்னு நான் சந்தோசப்படவா? நாளைக்குப் போவேன். அதுதான் பிரச்சின.

— வூட்ல தெரியுமா?

— ஜைனம்பு என் கைலி நனைஞ்சிருந்தத பாத்தா. எங்க போனீங்கன்னு கேக்கல. வேற கைலி எடுத்துக் குடுத்தா. அவ கேக்காம விட்டதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. அஃப்னானுக்குத் தெரியாது. தெரிஞ்சா சாவிய வாங்கிடுவான்.

— வாங்கட்டுமே பாய். தப்பா எடுத்துக்காத, நான் மனசுல பட்டத சொல்லிடறவ. போன உசுரு வருமா? சாவிய அஃப்னான் கையில குடுத்துட்டு நிம்மதியா குந்தேன்.

— குடுக்கலாம்மா. இன்னிக்குக் குடுப்பேன், நல்ல மனசோட குடுப்பேன். நாளைக்குக் காலையில குடுத்ததே ஞாபகம் இருக்காது. எவன்டா என் சாவிய எடுத்ததுன்னு நிப்பேன். போன மாசம் என் கண்ணாடிய ஒளிச்சு வச்சுட்டான்னு அஃப்னான அடிக்கக் கை ஓங்கினேன். கண்ணாடி என் நெத்தியில இருந்துச்சு. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன் அவன். என் கைய தடுக்கல. தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னான், அடிச்சுக்கங்க வாப்பான்னு. அந்தக் குனிஞ்ச தலைய நான் திரும்பப் பாக்கக் கூடாதும்மா.

— அய்யோ பாவமே.

— அவன் என்கிட்டேர்ந்து எதையும் புடுங்கினதா இருக்கக் கூடாது. என் புள்ள எனக்கு எதிரியா ஆயிடக் கூடாது. அதுக்கு வண்டி எதிரியாகட்டும். நான் கேட்டு வரைக்கும் வருவேன், மேடு தட்டும். கொத்தனார திட்டுவேன், வண்டிய திட்டுவேன். திட்டிட்டு உள்ள போய் உக்காந்துடுவேன். யார் மேலயும் பழி இல்ல.

— வேற வழியில்லியா பாய்? பானெட்ட தொறந்து ரோட்டர உருவி என் பாக்கெட்டுல போட்டுக்கறேன். வண்டி ஸ்டார்ட்டே ஆவாது. யாருக்கும் தெரியாது.

— எனக்குத் தெரியும்டா. இத்தன வருஷம் ஓட்டின கை. ஸ்டார்ட் ஆகலன்னா பானெட்ட தொறப்பேன், நேரா அங்கதான் போகும் கை. ரோட்டர் இல்லன்னா மார்க்கெட்டுல ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுவேன். நேத்து என்ன சாப்ட்டேன்னு கேளு, தெரியாது. பாட்டரி, பிளக்கு, ரோட்டர் எதுவும் மறக்கல. அல்லா எத எடுக்கணும்னு எப்படித்தான் பொறுக்கி எடுக்கறானோ.

— அப்ப டயர்ல காத்த புடுங்கி உட்டா?

— ஸ்டெப்னி மாட்டுவேன். எல்லாத்தையும் யோசிச்சுட்டுத்தான்டா வந்தேன். வண்டிக்கடியில மட்டும் என்னால போக முடியாது. முட்டி மடங்காது. நீ அடியில என்ன செஞ்சாலும் அத மாத்த என்னால ஆகாது. பாத்தாலும் டயர் ஏதோ எறங்கியிருக்குன்னு நெனச்சுக்குவேன்.

— மனுசன் எம்மாம் யோசிச்சிருக்காரு பாரு. யோசிக்கற புத்தி நல்லாத்தானே கீது பாய் உனக்கு? இன்னா மறதி மறதின்ற?

— இப்ப நல்லா இருக்கும்மா. இந்தச் சாயங்கால அஸர் நேரத்துல ஏதோ தெளிஞ்சாப்புல இருக்கு. ஏரியில காத்து நின்னா அடித்தரை தெரியுமே, அப்படி. இந்தத் தெளிவு இருக்கறப்பவே ஆள் வச்சு முடிச்சுடணும்னுதான் ஓடி வந்தேன். காத்து அடிச்சா கலங்கிடும். கலங்கினா நான் பயந்ததே எனக்குத் தெரியாது. பயம் இல்லாத நேரந்தான் ஆபத்து.

— பாய்.

— என்னாடா?

— ஒண்ணும் இல்ல. டீய குடி, ஆறுது.

— நீ ஏன்டா இன்னிக்கு இவ்ளோ பொறுமையா கேக்கற? நீ இவ்ளோ பொறுமைக்காரன் கெடையாதே. ஒரு பிளக்கு மாத்தறதுக்குள்ள என்ன நாலு திட்டு திட்டுவே.

— எனக்கும் வயசாவுது பாய். கத்தி கத்தி இன்னாத்த கண்டேன்.

— வண்டிக்கு அடிபடாதே? சம்ப் ஒடஞ்சு ஆயில் ஒழுகிடாதே?

— அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது. முன்சட்டந்தான் மொதல்ல மேட்டுல தட்டும். சம்ப்புக்கு கீழ ஒரு தகடு வெச்சி முடுக்கிடறேன். நீ முத்தத்துல ஸ்டார்ட் பண்ணு, ஹாரன் அடி, பாட்டு கேளு, சீட்டுல சாஞ்சி தூங்கு. உன் வண்டிய யாரும் உங்கிட்டேர்ந்து எடுக்கல.

— முத்தத்துல முன்னால பின்னால கொஞ்சம் எடுக்கலாமா?

— எடேன். கோழி இருந்தா மட்டும் பாத்துக்க. இல்லாட்டி ஜைனம்பு அக்கா உன்ன அறுத்து கொழம்பு வெச்சிடும்.

— சிரிக்க வைக்காதடா, பொறையேறுது.

— சரி பாய். செய்யறேன்.

— இரு, இன்னும் இருக்கு. இதுதான் முக்கியம். நாளைக்கு நானே வந்து நிப்பேன். என் வண்டிய எவன்டா கெடுத்தது, ஏத்திக் குடுடான்னு உன் சட்டைய புடிப்பேன். புடிச்சாலும் நீ ஏத்தக் கூடாது. அழுதாலும் ஏத்தக் கூடாது. உன் அப்பா வயசுல ஒரு மனுசன் கெஞ்சறானேன்னு எரக்கப்படக் கூடாது. அது நான் இல்ல. இப்ப பேசறேனே, இதுதான் நான். என் பேச்ச மட்டும் நீ கேக்கணும். சத்தியம் பண்ணு.

— சத்தியம் பாய்.

— உன் தொழில் மேல பண்ணு.

— என் தொழில் மேல, என் ஸ்பானர் மேல சத்தியம். ஏத்த மாட்டேன்.

— லோகாம்பா, நீதாம்மா சாட்சி.

— நான் கீறேன் பாய். இந்தாளு ஏத்தப் போனா ஜாக்கியாலயே மண்டைய பொளந்துடறேன்.

— அஃப்னானுக்கு மட்டும் தெரிய வேணாம். நானா போய் கேட்டேன்னு தெரிஞ்சா உள்ளுக்குள்ள ஒடஞ்சு போயிடுவான். உன்கிட்ட இத அமானிதமா விட்டுட்டுப் போறேன்டா.

— எங்கிட்டயே இருக்கட்டும். வாய தொறக்க மாட்டேன்.

— அம்மணிகிட்ட யாராவது சொல்லுங்கம்மா, பாய் மன்னிப்பு கேட்டான்னு. நான் நேர்ல போய் சொல்லத்தான் நெனைக்கறேன். போற வழியில எதுக்குப் போறேன்னு மறந்துட்டா அசிங்கமா போயிடும்.

— நான் சொல்றேன் பாய். அவ ஒண்ணும் மனசுல வெச்சிக்க மாட்டா.

— அப்ப நான் கெளம்பறேன். பொழுது எறங்கி மக்ரிபு ஆகறதுக்குள்ள போகலன்னா ஜைனம்பு வாசல்ல வந்து நிப்பா.

— நானும் கூட வரட்டுமா பாய்? மார்க்கெட்டுல எனக்கும் வேல கீது.

— வேணாம்மா, தெரு தெரியும். உங்க கூட பேசினதுல மனசு லேசா ஆயிடுச்சு. சிவா, அல்லா உன் கைக்கு பரக்கத்து குடுக்கட்டும். நாளைக்கு வந்துடு, மறந்துடாத.

— மறக்க மாட்டேன். பாத்துப் போ பாய்.

— போய்ட்டாரா?

— அதோ, வளைவுல திரும்பறாரு. இங்கேர்ந்து நின்னு பாத்துக்கினுதான் கீறேன். சரியான பக்கந்தான் திரும்பறாரு.

— தங்கமான மனுசன்யா. நம்ம கல்யாணத்துக்கு அந்தக் கார்லதானே என்னிய அழைச்சிக்கினு வந்தாரு. ஒரு மனுசனுக்கு தங்கிட்டேர்ந்தே ஊர காப்பாத்தணும்னு தோணுது பாரு.

— அந்த டீ கிளாஸ எடு லோகா.

— கிளாசு கெடக்கட்டும். நீ ஜாக்கிய எடு.

— எதுக்கு?

— எதுக்கா? யோவ், மனுசன் வாய் உட்டு கேட்டுட்டுப் போறாரு, நீ நாளைக்கின்னு இஸ்துக்கினு நிக்கற. நாளைக்கி விடியறதுக்குள்ள திரும்ப வண்டிய எடுத்துக்கினு தண்ணியில எறங்குனா? அங்க பொம்பளைங்க தலைய நீட்டிக்கினு குந்தியிருப்பாளுங்கய்யா. ஒருத்தி செத்தா அந்தப் பாவம் உன் தலையிலதான் வந்து விழும்.

— எறங்க மாட்டாரு.

— நீ இன்னா பெரிய ஜோசியக்காரனா? எப்டி சொல்ற எறங்க மாட்டாருன்னு?

— நீ ஊருக்குப் போன மறுநாளே போயி மூக்க எறக்கிட்டு வந்துட்டேன் லோகா. அன்னியிலேர்ந்து தெனமும் இதே நேரத்துக்கு நடந்து வந்து, மொத தடவ கேக்கற மாதிரியே கேக்கறாரு. நானும் மொத தடவ கேக்கற மாதிரியே கேட்டுக்கினு கீறேன்.